மச்சானின் கேஸ் ஊசி

என் மனைவியின் தம்பிக்குப் பண்ருட்டியில் பலாப்பழ மண்டி. எந்த ஊரில் போய் இறங்கினாலும் அவன் முதலில் விசாரிப்பது தங்குமிடத்தை அல்ல, சாப்பாட்டுக் கடையையும் அல்ல. பக்கத்தில் கேஸ் ஊசி போடும் கிளினிக் எங்கே இருக்கிறது என்றுதான் கேட்பான். வேலூரிலும் கேட்டான், திருப்பதியிலும் கேட்டான். மலைமேல் ஊசி கிடைக்காது என்று யாரோ சொன்னதால் கீழேயே போட்டுக்கொண்டு ஏறினான்.

கேஸ் ஊசி என்று எங்கள் பக்கத்தில் சொல்வது வயிற்றில் ஊறும் அமிலத்தைக் குறைக்கிற மருந்தை. கட்டைவிரல் உயரத்தில் ஒரு கண்ணாடிக் குப்பி, அடியில் வெள்ளைப் பொடி. உப்புநீர் விட்டுக் கலக்கி நரம்பில் ஏற்றுவார்கள். வாயால் விழுங்க முடியாதவர்களுக்கும் வயிற்றுக்குள் இரத்தம் கசிகிறவர்களுக்கும் ஆஸ்பத்திரியில் போடுவதற்காக வந்தது அது. இதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். மச்சானைப் பொறுத்தவரை அது பஜ்ஜிக்கும் பிரியாணிக்கும் முறிவு மருந்து.

நான் புள்ளியியல் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். பெண்ணாடத்துக் கரும்பையும் காடாம்புலியூர் முந்திரியையும் எண்ணி எழுதிக் கொடுப்பதே என் உத்தியோகமாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் எண்ணுவது நிற்கவில்லை. கல்யாண மண்டபத்துக்குப் போனால் மின்விசிறிகளை எண்ணுவேன். அவற்றில் எத்தனை ஓடவில்லை என்பதையும் எண்ணுவேன். ஓடாத விசிறிக்குக் கீழேதான் எனக்கு இடம் கிடைக்கும் என்பது என் அனுபவம்.

மச்சானுடைய பழக்கம் எப்படி வளர்ந்தது என்பதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சீசனில் விடிகாலையிலேயே மண்டிக்கு வண்டிகள் வந்துவிடும். வெறும் வயிற்றில் இரண்டு டீ, வெட்டிய பழத்திலிருந்து நாலு சுளை, மறுபடி டீ. மூட்டைபோலக் குவிந்து கிடக்கும் காய்களுக்கு நடுவே குந்தி உட்கார்ந்து எழுந்து அவனுக்கு முழங்கால் போய்விட்டது. அதற்கு மருந்துக் கடையில் கேட்டு ஒரு வலி மாத்திரை வாங்கி, அதையும் வெறும் வயிற்றில் போடுவான். பதினொரு மணிக்கு நெஞ்சுக்குக் கீழே எரியும். எதிர்ச்சாரியில் கிளினிக். கையை நீட்டினால் ஊசி.

முதலில் சீசனுக்கு ஒன்றோ இரண்டோ போட்டுக்கொண்டிருந்தவன் பிறகு வாரத்துக்கு ஒன்று போட ஆரம்பித்தான். அப்புறம் விருந்துக்குப் போகுமுன் ஒன்று, போய்விட்டு வந்து ஒன்று. எரிச்சல் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று அந்தக் கிளினிக்கில் யாரும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. நான் ஒரு தடவை, மாத்திரையாகவே இந்த மருந்து இருக்கிறதாமே, எதற்கு ஊசி என்று கேட்டேன்.

“மாத்திர டவுன் பஸ்சு மாமா. எல்லா ஸ்டாப்புலயும் நின்னு நின்னு போவும். ஊசி காரு. ஏறி உக்காந்தா எறங்குற எடந்தான்.”

அவனுக்கு எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு பதில் இருக்கும். வியாபாரி.

போன சீசன் தொடங்கின சமயம் சிதம்பரத்தில் எங்கள் உறவில் ஒரு கல்யாணம். நானும் மனைவியும் கடலூரிலிருந்து முதல் நாளே போய்விட்டோம். மச்சானும் அவன் மனைவியும் காலையில் வந்தார்கள். அவன் தோளில் ஒரு பலாப்பழம், கையில் மஞ்சள் பை. பழத்தைச் சமையல்கட்டில் இறக்கிவிட்டு வந்தவன் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். மேலே விசிறி ஓடவில்லை. இருந்தாலும் அவனுக்கு வழிந்த வியர்வை விசிறி ஓடாததால் வந்தது இல்லை என்று எனக்குப் பட்டது. முகம் வெளுத்திருந்தது. இட்லி வந்தபோது வேண்டாம் என்றான். அவன் இட்லி வேண்டாம் என்று சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

வயிறு வலிக்கிறது, முகூர்த்தத்துக்கு நேரம் இருக்கிறது, அதற்குள் ஓர் ஊசி போட்டுக்கொண்டு வந்துவிடலாம் என்று என்னைக் கூப்பிட்டான். மண்டபத்துக்கு அடுத்த தெருவில் ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரி இருந்தது. அவ்வளவு தூரம் நடப்பதற்குள் அவன் மூன்று இடத்தில் நின்றான். ஒவ்வொரு தடவையும் கடைப் பலகையைப் படிக்கிறவன்போல நின்றான்.

அங்கே இருந்த டாக்டர் இளம்பெண். மச்சான் மஞ்சள் பையைத் திறந்து துண்டில் சுற்றியிருந்த நாலு குப்பிகளை எடுத்து மேசைமேல் வைத்தான். மருந்து தன்னிடமே இருக்கிறது, குத்திவிட்டால் போதும் என்றான். அந்தப் பெண் குப்பிகளைத் தொடவில்லை. அவன் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். மலம் என்ன நிறத்தில் போகிறது என்று கேட்டார்.

மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் வெளியே போகட்டுமா என்று கேட்டேன். இருங்கள் என்பதுபோலக் கையைக் காட்டிவிட்டு, கருப்பாகத்தான் போகிறது, நாலைந்து நாளாக, கருப்பு திராட்சை ஜூஸ் குடித்தேன், அதனாலாக இருக்கும் என்றான். தார் மாதிரிப் பிசுபிசுப்பாகவா என்று அவர் கேட்டார். ஆமாம் என்றான். படுக்கவைத்து இரத்த அழுத்தம் பார்த்தார். நிற்கவைத்து மறுபடி பார்க்கும்போது மச்சானுக்கு முழங்கால் மடிந்தது. நானும் ஒரு நர்ஸும் பிடித்தோம். எனக்கு எழுபத்து மூன்று வயது. பிடித்தேன் என்பதைவிட அவன்மேல் சாய்ந்தேன் என்பதுதான் சரி.

வயிற்றுக்குள் எங்கோ இரத்தம் கசிகிறது, அது அமிலம் பட்டுக் கறுத்து வெளியே வருகிறது என்று டாக்டர் சொன்னார். திராட்சைக்கு இதில் சம்பந்தம் இல்லை. உடனே சேர்க்க வேண்டும். இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். இதே ஊசியை முறையாகக் கொடுத்து வயிற்றை அடக்கி வைத்துவிட்டு, வாய் வழியாகக் குழாய்விட்டு எங்கே கசிகிறது என்று பார்க்க வேண்டும். குழாய் என்ற சொல்லைக் கேட்டதும் மச்சான் எழுந்து உட்காரப் பார்த்தான்.

கட்டில் கிடைத்தது. ஆஸ்பத்திரிக் குப்பியில் உப்புநீர் விட்டுக் கலக்கி, நர்ஸ் நரம்பில் மெதுவாக ஏற்றினார். எதிர்ச்சாரி கிளினிக்கில் ஒரே அழுத்தில் முடிந்துவிடுவதைப் பார்த்துப் பழகிய மச்சானுக்குப் பொறுக்கவில்லை.

“சட்டுனு தள்ளும்மா. கை ஓடலியா?”

“வேகமாத் தள்ளக் கூடாதுங்கய்யா. கண்ண மூடிக்கிங்க.”

அதற்குப் பிறகு அதே மருந்தை ஒரு பெரிய ஊசிக்குழாயில் நிரப்பி ஒரு சின்ன மெஷினில் மாட்டினார்கள். குழாயின் தண்டை அந்த மெஷின் தானாகவே தள்ளும். சலைன் பாட்டிலாக இருந்தால் சொட்டுகளை எண்ணிக்கொண்டிருப்பேன். இதில் எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை. தண்டு நகர்வது கண்ணுக்கே தெரியவில்லை. ஒரு கோட்டைக் குறித்து வைத்துக்கொண்டு பார்த்தேன். வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் கோட்டைத் தாண்டியிருந்தது. நான் இருக்கும்போது நகராமல் நான் போனதும் நகர்ந்தது எனக்கு எரிச்சலாக இருந்தது. மெஷின் ஓடவில்லை என்று நர்ஸிடம் இரண்டு தடவை சொன்னேன். ஓடுகிறது என்று இரண்டு தடவையும் சொன்னார்.

இரத்தம் ஏற்றுவதற்கு இன்னொரு கையில் குத்தினார்கள். இந்த ஊசி போகிற வழியில் வேறு எதையும் சேர்த்துவிடக் கூடாதாம். சேர்ந்தால் மருந்து கெட்டுப்போகலாம் என்றார்கள். மச்சான் இரண்டு கைகளையும் விரித்துப் படுத்திருந்தான். மூக்கு அரித்தது. என்னைச் சொறியச் சொன்னான். எந்தப் பக்கம் என்று கேட்டுச் சொறிந்தேன். மண்டபத்திலிருந்து கெட்டிமேளம் கேட்டது. தாலி கட்டியாகிவிட்டது.

நண்பகலுக்குள் அவனுக்கு வலி நின்றுவிட்டது. அங்கேதான் சங்கடம் தொடங்கியது. வலி நின்றதும் அவன் பழைய மச்சான் ஆகிவிட்டான். காடாம்புலியூரில் ஒரு தோப்பைக் குத்தகைக்குப் பேசியிருந்தான். மறுநாள் காய் இறக்க ஆள் வருகிறது. அவன் போகாவிட்டால் பச்சைக் காயையெல்லாம் வெட்டித் தள்ளிவிடுவார்கள். அவன் திட்டத்தை என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னான். இரத்தம் ஏற்றி முடிந்ததும் கிளம்பிவிடலாம். கையில் செருகியிருக்கும் பிளாஸ்டிக் ஊசியை எடுக்கவிடாமல் ஒரு துணி சுற்றி அப்படியே போய்விடலாம். பண்ருட்டியில் தினம் ஒரு குப்பியை அதன் வழியாகவே ஏற்றிக்கொள்ளலாம். புதிதாகக் குத்துகிற வலியும் இல்லை. மேற்கொண்டு ஒரு டஜன் குப்பி நான் வாங்கி வந்தால் சீசன் முடிகிறவரை கவலை இல்லை.

அவன் புதிதாகக் கண்டுபிடித்தது அல்ல இது. எங்கள் பக்கத்தில் கையில் ஊசியோடு பஸ் ஏறுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஜன்னலோரம் அந்தக் கையை மட்டும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு வருவார்கள்.

டாக்டர் மறுபடி வந்தபோது அதை அவரிடமே சொல்லிவிட்டான். அவர் கோபப்படவில்லை. அந்தப் பிளாஸ்டிக் ஊசி வீட்டுக்கு எடுத்துப்போகிற பொருள் இல்லை, அந்த இடம் சிவந்து சீழ் பிடித்தால் கிருமி நேரே இரத்தத்துக்குள் போகும் என்றார். வெயிலில் பையில் சுற்றிய குப்பிகளை இனி யாருக்கும் போடக் கூடாது என்று நாலையும் எடுத்துக்கொண்டார். பிறகு, ஊசி வலியை அடக்கியிருக்கிறதே தவிர உள்ளே இருப்பது என்ன என்று தனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது என்றார். சாதாரணப் புண்ணாக இருக்கலாம். புற்றாகவும் இருக்கலாம். இரண்டுக்குமே இந்த ஊசி போட்டால் கொஞ்ச நாளைக்கு எரிச்சல் குறையும். இத்தனை காலம் அப்படித்தான் குறைந்துகொண்டு வந்திருக்கிறது.

வலி மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று அவர் கேட்டார். இல்லை என்றான் மச்சான். அவன் மனைவி அப்போதுதான் மண்டபத்திலிருந்து பட்டுப் புடவையோடு வந்து கட்டில் ஓரமாக நின்றிருந்தாள். மஞ்சள் பையின் அடியில் கையைவிட்டு மூன்று அட்டைகளை எடுத்து டாக்டரிடம் கொடுத்தாள். ஓர் அட்டையில் இரண்டு மாத்திரைதான் பாக்கி. இதுதான் புண் ஆக்கியிருக்கும், பெரும்பாலும் இதுதான், ஆனாலும் பார்த்தால்தான் தெரியும் என்றார் டாக்டர். குழாய் விடுகிற டாக்டர் மாலையில் வருவார், அதற்குள் முடிவு சொல்லுங்கள், தாமதம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். நர்ஸ் வந்து, போவதென்றால் வீட்டார் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். மச்சான் என்னைப் பார்த்தான்.

நான் கண்ணாடி கொண்டுவரவில்லை என்றேன். கண்ணாடி என் மூக்கின்மேல் இருந்தது.

“ஏம்மாமா, நா ஒண்ணு கேக்குறேன். ஒரு நாளைக்கு எத்தினி காய் வாங்குறேன், விக்குறேன். ஒவ்வொண்ணையும் வெட்டிப் பாத்தா வாங்குறேன்? தட்டுறேன், மோந்து பாக்குறேன், சொல்றேன். டாக்டருக்குப் படிச்சவுங்களுக்கு அது தெரியாதா? கொழாய உட்டுத்தான் பாக்கணுமா?”

அவன் மனைவிதான் பேசினாள். நான் இருக்கிற இடத்தில் அவள் அவனோடு அதிகம் பேச மாட்டாள். முகத்தை என் பக்கமாக வைத்துக்கொண்டு அவனுக்குச் சொன்னாள்.

“அண்ணே, இவரு தட்டிப் பாத்துக் குடுத்த காயி அழுவிப் போயி, காம்ப எடுத்துக்கிட்டு ஆளு வர்றது இல்லியா? வந்தா மூச்சு உடாம வேற காயி எடுத்துக் குடுக்குறாரு. இவரு வயிறு அழுவிப் போனா, நா எந்தக் காம்ப எடுத்துக்கிட்டு யாருகிட்ட போயி மாத்திக் கேக்குறது?”

மச்சானின் மண்டியில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. வாங்கிப்போன பழம் உள்ளே கெட்டிருந்தால் காம்பை மட்டும் கொண்டுவந்து காட்டினால் போதும், கேள்வி கேட்காமல் வேறு பழம் கொடுத்துவிடுவான். அந்தப் பெயருக்காகவே நெய்வேலியிலிருந்தெல்லாம் அவனிடம் வருகிறார்கள். வாசலில் ஓர் ஆணியில் அந்தக் காம்புகளைக் கோத்துவைப்பான். இந்தக் கல்யாணத்துக்கு முன் போனபோது எண்ணினேன். பதினேழு இருந்தன.

அவன் வேறெங்கும் பார்க்காமல் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“கொழா எம்மாம் பெருசுன்னு கேளு” என்றான் மனைவியிடம்.

சுண்டுவிரல் பருமன் என்று நர்ஸ் சொன்னார்.

“யாரு சுண்டுவெரலு? ஒன்னுதா, எங்க மாமாவுதா?”

என் விரல்கள் மெலிந்தவை. என்னுடையது என்று சொல்லச் சொல்லி நர்ஸுக்குத் தலையை அசைத்தேன்.

மாலையில் குழாய் விட்டார்கள். தொண்டையில் மரத்துப்போகிற மருந்தை அடித்து, பக்கவாட்டில் படுக்கவைத்து, பார்த்தார்கள். இரைப்பையில் ஒரு புண், அதன் நடுவில் வாய் திறந்த சின்ன இரத்தக்குழல். அதே வழியாக மருந்து செலுத்திச் சூடு வைத்து அடைத்துவிட்டதாகச் சொன்னார்கள். விட்டுவிட்டு வண்டி ஏறியிருந்தால் வழியிலேயே பெருகியிருக்கலாம் என்றும் சொன்னார்கள். புண்ணைச் சுரண்டிச் சதை எடுக்க இது சமயமில்லை, மறுபடி கசியும். இரண்டு மாதம் மருந்து சாப்பிட்டுவிட்டு வரவேண்டும். ஆறியிருக்கிறதா என்று அப்போது பார்த்து, சதையும் எடுத்துப் பரிசோதித்தால்தான் புற்று இல்லை என்று சொல்ல முடியும்.

மெஷின் ஊசி அதற்குப் பிறகும் மூன்று நாள் ஓடியது. நான் அதை நம்பக் கற்றுக்கொண்டேன் என்று சொல்ல மாட்டேன். பார்ப்பதைக் குறைத்துக்கொண்டேன். மச்சான் கஞ்சி குடிக்க ஆரம்பித்ததும் மெஷினை எடுத்துவிட்டு மாத்திரை கொடுத்தார்கள். அன்றைக்குத்தான் அவன் பயந்தான். என் மனைவியைப் பக்கத்தில் கூப்பிட்டான்.

“அக்கா, ஊசிய நிறுத்திட்டாங்க பாரு. இனிமே ஒண்ணுமில்லன்னு கைய உட்டுட்டாங்களா? உண்மையச் சொல்லு.”

அவள் திட்டினாள். பிழைத்துக்கொண்டதால்தான் நிறுத்தியிருக்கிறார்கள், விழுங்க முடிகிறவனுக்கு எதற்கு ஊசி என்று சொல்லிப் பார்த்தாள். டாக்டரும் வந்து, வாய் வழியாகச் சாப்பிட முடிந்தால் மாத்திரையே அந்த வேலையைச் செய்யும், தேவையில்லாமல் நரம்பில் குத்துவதால் அதிகப் பலன் கிடையாது என்று சொன்னார். கையிலிருந்த பிளாஸ்டிக் ஊசியை எடுத்த இடத்தில் நரம்பு கயிறுபோலத் தடித்துச் சிவந்திருந்தது. ஆஸ்பத்திரியிலேயே, தினம் கண்காணித்தும், அவ்வளவு தடிப்பு. துணி சுற்றிக்கொண்டு சீசன் முழுக்க வைத்திருப்பேன் என்றவன் அதை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அந்த இரண்டு மாதமும் அவன் மாத்திரையைத் தவறவிடவில்லை என்று அவன் மனைவி போனில் சொன்னாள். காலையில் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னதாக. முழங்காலுக்கு மாத்திரை இல்லை. எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஒற்றடம். மண்டியில் குந்தி உட்காருவதற்குப் பதிலாக ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறான். ஸ்டூலில் உட்கார்ந்து தட்டினால் காயின் சத்தம் தூரமாகக் கேட்கிறது என்று புலம்புகிறானாம். எதிர்ச்சாரிக் கிளினிக்காரர் ஏன் வருவதில்லை என்று கேட்டனுப்பினாராம். அதற்கு அவன் என்ன பதில் சொன்னான் என்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுபரிசோதனைக்கு அவர்கள் சிதம்பரம் போன அன்று நான் கடலூரில் வீட்டில் இருந்தேன். மஞ்சக்குப்பத்தில் எங்கள் பக்கத்து வீட்டுத் தென்னையில் காய்களை எண்ணினேன். முதல் தடவை முப்பத்தொன்று. அடுத்த தடவை இருபத்தெட்டு. மூன்றாம் தடவை எண்ணிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

“மாமா, புண்ணு ஆறிடுச்சாம். மயக்கம் வேணான்னுட்டேன். முழிச்சிக்கிட்டே டிவியில பாத்தேன். உள்ள எப்பிடி இருக்குது தெரியுமா? நல்லாப் பழுத்த செவப்புச் சொள மாரி, பளபளன்னு. எங்க மண்டியில வந்தா மொத வெல போவும்.”

சதை எடுத்தார்களா என்று கேட்டேன். எடுத்திருக்கிறார்கள். முடிவு வர ஒரு வாரம் ஆகும். அதைச் சொல்லும்போது அவன் குரல் கொஞ்சம் இறங்கியது. நான் தென்னையைத் திரும்ப எண்ணவில்லை.

வாரம் முடிந்து அவன் மனைவிதான் பேசினாள். புற்று இல்லை. வயிற்றில் ஒரு கிருமி இருக்கிறது, வலி மாத்திரையோடு அதுவும் சேர்ந்துதான் புண்ணாக்கியிருக்கிறது. அதற்கு இரண்டு வாரம் மாத்திரை. எல்லாம் மாத்திரைதானா என்று நான் கேட்டேன். எல்லாம் மாத்திரைதான் என்றாள். பின்னால் மச்சான் ஏதோ சொல்வது கேட்டது. என்ன சொல்கிறான் என்று கேட்டேன்.

“டவுன் பஸ்சே போதுமாம்ணே. ஆனா எல்லா ஸ்டாப்புலயும் நிக்கிதாம்.”

அடுத்த மாதம் பண்ருட்டிக்குப் போனபோது மண்டியில் இறங்கினேன். ஆணியில் காம்புகள் இருபத்திரண்டாகியிருந்தன. ஐந்து கூடியதற்கு ஸ்டூல்தான் காரணம் என்றான்.